பக்கமோ பெரிது, பெட்டியோ சிறிது

1999 மே மாதம் நியூயார்க் வட்டாரத்தில் ‘பாம் செவன்’ என்ற கையடக்கக் கணினி விற்பனைக்கு வந்தது. விலை 599 டாலர். பக்கவாட்டில் மடிந்து கிடந்த ஆன்டெனாவை நிமிர்த்தினால் போதும், உள்ளிருந்த ரேடியோ விழித்துக்கொண்டு வலையைத் தேடும். கம்பி செருக வேண்டாம், மோடம் மாட்ட வேண்டாம். அதுவரை எல்லாம் சரி. சந்தா விவரத்தைப் படித்தவர்களுக்குத்தான் தலை சுற்றியது: மாதம் 9.99 டாலருக்கு 50 கிலோபைட், அதைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் 30 சென்ட். வாசகர் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையை யூனிகோடு தமிழில் அந்தக் கருவிக்கு அனுப்பியிருந்தால் ஒரு மாதச் சந்தா கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருக்கும்.

உள்ளங்கைக்குள் வலையைக் கொண்டுவரும் முயற்சிக்கு அப்போது ஐந்து வயது. 1994 முதல் 2007 வரை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று மூன்று இடங்களிலும் பொறியாளர்கள் ஒரே வழக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கம் பெரிது, பெட்டி சிறிது, யார் விட்டுக்கொடுப்பது? பக்கத்தை எழுதுகிறவரா, பெட்டியைச் செய்கிறவரா, நடுவில் அலைவரிசையைக் கையில் வைத்திருப்பவரா? திரை சிறியதாக இருந்ததால்தான் அந்தக் காலத்துக் கைக்கணினி உலாவிகள் எடுபடவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். சான்றுகளைப் புரட்டிப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. இடைஞ்சல் திரையில் இருந்ததைவிடக் கட்டண ரசீதில்தான் அதிகம் இருந்தது.

முதல் அடியை எடுத்துவைத்தது பெருநிறுவனம் எதுவும் அல்ல. ஆப்பிள் 1993-இல் வெளியிட்ட நியூட்டன் கருவி, கையெழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்ததற்காகப் பத்திரிகைகளில் கேலிக்கு ஆளாகியிருந்தது. அந்தக் கருவிக்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெக்கோ ஆய்வகம் 1994-இல் ‘பாக்கெட்வெப்’ என்ற உலாவியை எழுதியது. நெட்ஸ்கேப்பின் முதல் பதிப்பே அந்த ஆண்டின் இறுதியில்தான் வந்தது என்பதை நினைத்தால் இது எவ்வளவு முன்கூட்டிய வேலை என்பது விளங்கும். மேசைக் கணினி வைத்திருந்தவர்களிலேயே பெரும்பாலோர் அப்போது வலையைப் பார்த்ததில்லை. 1996-இல் ‘நெட்ஹாப்பர்’ என்ற உலாவி அதே நியூட்டனுக்குக் காசுக்கு விற்கப்பட்டது. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் நியூட்டனையே கைவிட்டது.

இன்னொரு பக்கம், வலைக்காகச் செய்யப்படாத ஒரு பெட்டியை வலைக்கு இழுத்துச் சென்ற விடாக்கண்டர்கள் இருந்தார்கள். ஹெச்பி நிறுவனம் 1994-இல் வெளியிட்ட 200எல்எக்ஸ், மூக்குக்கண்ணாடிக் கூடு போலத் திறக்கும் குட்டி டாஸ் கணினி. இரண்டு பென்சில் செல்லில் வாரக்கணக்கில் ஓடும். விற்கும்போது அதில் உலாவி எதுவும் கிடையாது. பயனர்களும் சிறு மென்பொருள் கடைக்காரர்களும் சேர்ந்துதான் அதற்கு உலாவி செய்துகொடுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் எழுதப்பட்ட ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ/எல்எக்ஸ்’ அவற்றுள் பெயர் பெற்றது. அட்டை மோடத்தைச் செருகி, தொலைபேசிக் கம்பியை மாட்டி, எழுத்துகளை மட்டும் படித்தார்கள். கவனிக்க வேண்டியது அந்தத் திரையின் அளவு: குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 200. ஒரு வரிக்கு 80 எழுத்து, அன்றைய மேசைக் கணினியின் டாஸ் திரையில் எத்தனையோ அத்தனை. செய்தியைப் படிக்க இது தாராளம். தொல்லை கொடுத்தது மோடம். அது செல்லின் உயிரைக் குடித்தது, சுவரில் தொலைபேசித் துளை இருக்கும் இடத்துக்கு ஆளையும் கட்டிப்போட்டது.

கம்பியை அறுத்தது நோக்கியா. 1996-இல் வந்த 9000 கம்யூனிகேட்டர், மூடியிருந்தால் தடித்த செல்போன், திறந்தால் விசைப்பலகையும் அகலத் திரையும் கொண்ட கணினி. எடை 397 கிராம். உள்ளே இன்டெல் 386 சில்லு. திரை இங்கும் 640க்கு 200. பக்கத்தைச் சுருக்காமல், இடைத்தரகர் யாரையும் வைக்காமல், வலையை வலையாகவே காட்டிவிடலாம் என்பது அதன் துணிச்சல். ஆனால் அன்றைய ஜிஎஸ்எம் இணைப்பில் நொடிக்கு 9,600 பிட்தான் நகரும். ஐம்பது கிலோபைட் எடையுள்ள பக்கம் ஒன்று வந்து சேர நாற்பது நொடிக்கு மேல் ஆகும். அதுவரை அது ஒரு தொலைபேசி அழைப்பு. நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பேசாமலே பேசியதற்குப் பணம் கட்டுவது போன்ற வியாபாரம் அது. நிறுவனக் கணக்கில் கைபேசி வைத்திருந்த அதிகாரிகளைத் தவிர வேறு யாருக்கும் அது கட்டுப்படியாகவில்லை.

மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு நவம்பரில் விண்டோஸ் சிஇ-யைக் கொண்டுவந்தது. காசியோ, என்இசி, ஹெச்பி, பிலிப்ஸ் எல்லாம் அதை வைத்துக் குட்டி விசைப்பலகைக் கருவிகள் செய்தன. ‘பாக்கெட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்’ என்ற உலாவியும் உடன் வந்தது. பெரும்பாலான திரைகள் 480க்கு 240, சாம்பல் நிறத்தில் நான்கே சாயல். மேசைக் கணினியின் மாதிரியை அப்படியே குறுக்கி வைக்கும் இந்த மோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடக்கப் பொத்தானும் உருள்பட்டையும் பாதித் திரையைத் தின்றன. மீதியில் பக்கத்தின் மூலை தெரிந்தது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். பாம் பைலட்டை வடிவமைக்கும் முன் சட்டைப் பைக்குப் பொருந்தும் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அதையே கருவியாகப் பாவித்து ஊரெல்லாம் எடுத்துத் திரிந்தார் என்பது கணினி வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. எதைச் சேர்க்கலாம் என்பதைவிட எதை விட்டுவிடலாம் என்பதில்தான் அவர் கண் இருந்தது. 1996 மார்ச்சில் வந்த பைலட் 1000-இல் 128 கிலோபைட் நினைவகம், 16 மெகாஹெர்ட்ஸ் மோட்டரோலா சில்லு, 160க்கு 160 புள்ளித் திரை. விலை 299 டாலர். வலை அவருடைய பட்டியலிலேயே இல்லை. இணைய நெறிமுறையைப் பேசும் ஆற்றல் அடுத்த ஆண்டு வந்த ‘பாம்பைலட் புரொஃபஷனல்’ என்ற மாதிரிக்குத்தான் கிடைத்தது. அதன் நினைவகம் ஒரு மெகாபைட்.

இந்த ஏழைப் பெட்டியில் படங்களோடு வலையைக் காட்டியதுதான் அந்தக் காலத்தின் மிக அழகான பொறியியல் வேலை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழுவில் இருந்த அர்மாண்டோ ஃபாக்ஸ், இயன் கோல்ட்பர்க், ஸ்டீவன் கிரிபிள் முதலியோர் ‘டாப் கன் விங்மேன்’ என்ற உலாவியைச் செய்தார்கள். அதன் சூட்சுமம் உலாவி பாதி வேலையைக்கூடச் செய்யாது என்பதுதான். பயனர் ஒரு முகவரியைத் தட்டினால் கோரிக்கை நேரே அந்தத் தளத்துக்குப் போகாது. பெர்க்லியில் இருக்கும் இடைச் சர்வருக்குப் போகும். அந்தச் சர்வர் பக்கத்தை முழுவதுமாக வாங்கும். வண்ணப் படங்களைச் சாம்பல் சாயல்களாக மாற்றி, 160 புள்ளி அகலத்துக்குள் குறுக்கும். பைலட்டின் எழுத்துருவில் எந்த எழுத்து எத்தனை புள்ளி அகலம் என்பது அதற்குத் தெரியும். ஆகவே எந்தச் சொல் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதையும் அதுவே கணக்குப் போட்டு அனுப்பும். கையில் இருக்கும் கருவிக்கு மிஞ்சிய வேலை, சொன்ன இடத்தில் சொன்னதை வரைவது மட்டும். குழந்தைக்குத் தாய் உணவை மென்று ஊட்டுவது போன்ற ஏற்பாடு.

மெல்லக் கற்றுக்கொண்ட அந்தச் சர்வர் வலைப்பக்கத்தோடு நிற்கவில்லை. கோப்புப் பொதிகளைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டவும், பைலட்டுக்கான மென்பொருளை அங்கேயே பிரித்து நேரடியாகக் கருவியில் நிறுவவும் பழகியது. ஆய்வகத்தில் பிறந்த இந்த உலாவி ‘பிராக்ஸிநெட்’ என்ற நிறுவனம் வழியாக ‘பிராக்ஸிவெப்’ என்ற பெயரில் சந்தைக்கும் போனது. ஹேண்ட்ஸ்பிரிங் கருவிகளில் வந்த ‘பிளேசர்’ உலாவியும், 2002-இல் இளைஞர்களிடையே பெயர் பெற்ற டேஞ்சர் நிறுவனத்தின் ‘ஹிப்டாப்’ கைபேசியும் இதே இடைச் சர்வர் உத்தியைக் கையாண்டவை.

மென்று ஊட்டுவதில் இன்னொரு வகை, பக்கத்தின் சாரத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பது. ஸ்டான்ஃபோர்டில் 2000-ஆம் ஆண்டு ‘பவர் பிரவுசர்’ என்ற ஆய்வு அதைச் செய்து பார்த்தது. தளத்தின் இணைப்புகளை மரக்கிளை போல விரித்துக் காட்டும். வேண்டிய கிளையைத் தொட்டால் மட்டும் அதன் உரை வரும். அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் பெயர் ஓர்கட் புயுக்கொக்டென். 2004-இல் அவர் பெயரையே தாங்கி வந்த ‘ஆர்குட்’ தளத்தில் நட்பு தேடிய நம் ஊர்க் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்த முன்கதை தெரிந்திருக்கும்?

அலைவரிசைக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ‘அவாண்ட்கோ’ வேறொரு வழி வைத்திருந்தது: வெளியில் போகும்போது வலைக்குப் போகாதே, வீட்டிலேயே வலையை வாரி எடுத்துக்கொள். 1997-இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தின் ஏற்பாட்டில், பயனர் தனக்குப் பிடித்த செய்தித்தளங்களை முன்கூட்டியே தேர்ந்து வைப்பார். காலையில் கருவியை மேசைக் கணினியோடு இணைக்கும் தொட்டிலில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், அன்றைய செய்திகள் சிறிய திரைக்கேற்ற வடிவில் இறங்கிவிடும். பிறகு ரயிலிலோ பேருந்திலோ, சிக்னல் உண்டா இல்லையா என்ற கவலையின்றிப் படிக்கலாம். எந்த இணைப்பைத் தொட்டாலும் பக்கம் உடனே திறக்கும். ஏனென்றால் அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதைத் தாண்டிய இணைப்பைத் தொட்டால் ஒன்றும் கிடைக்காது. இதை உலாவுதல் என்று சொல்லலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நாளிதழ் படிப்பதை யாரும் உலாவுதல் என்று சொல்வதில்லை, ஆனால் அவாண்ட்கோ பயனர்களுக்கு வேண்டியிருந்தது நாளிதழ்தான். அமெரிக்காவின் புறநகர் ரயில்களில் கைக்கணினியை உண்மையாகவே பயன்படுத்த வைத்தது இதுதான் என்பது இக்கட்டுரையின் கணிப்பு. நிறுவனம் 2000-இல் பங்குச் சந்தைக்குப் போனது, பின்னர் சைபேஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது, 2009 ஜூன் இறுதியில் சேவையை நிறுத்தியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான லைனஸ் அப்சன் பிற்காலத்தில் கூகுளில் குரோம் உலாவிப் பணிக்குத் தலைமை தாங்கினார்.

மிச்சம் இருப்பது மூன்றாவது கட்சி: பக்கத்தையே புதிதாக எழுதச் சொன்னவர்கள்.

தொடக்கத்தில் சொன்ன பாம் செவன் இந்தக் கட்சிதான். அதன் வலை உண்மையில் வலை அல்ல. ‘வெப் கிளிப்பிங்’ என்று பெயரிட்ட ஒரு கத்தரிப்பு. தளத்தின் படிவம், படம், தலைப்பு எல்லாம் முன்கூட்டியே கருவிக்குள் நிறுவப்பட்டிருக்கும். பங்கு விலையோ விமான நேரமோ கேட்டால் கேள்வி மட்டும் போகும், விடை மட்டும் திரும்பும். 50 கிலோபைட்டுக்குள் மாதம் ஓட்ட வேறு வழியும் இல்லை. சிக்கனத்தில் அது கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் யார் தனியாகக் கத்தரிப்பு எழுதிக் கொடுத்தார்களோ அவர்களுடைய தளங்கள்தான் அதில் ஒழுங்காக வரும். வலையின் மற்ற பகுதிக்கு அங்கே இடமில்லை என்றே சொல்லலாம்.

ஐரோப்பாவில் இதே எண்ணம் வாப் என்ற பெயரில் பெரிய ஆரவாரத்தோடு வந்தது. எரிக்சன், நோக்கியா, மோட்டரோலா, அன்வயர்டு பிளானட் ஆகிய நான்கும் 1997-இல் கூடி அமைத்த மன்றம் அதற்கென்று தனி மொழியையே வகுத்தது. பக்கம் என்பது சீட்டுக்கட்டு, அதில் ஒவ்வொரு திரையும் ஒரு சீட்டு. 1999-இல் வந்த நோக்கியா 7110-இன் திரை 96க்கு 65 புள்ளி. ஒரு சீட்டுக்கட்டு சுமார் 1,400 பைட்டைத் தாண்டக் கூடாது. விளம்பரங்களோ ‘கையில் இணையம்’ என்றன. 2000-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மார்க் ராம்சேயும் யாக்கோப் நீல்சனும் லண்டனில் 20 பேரிடம் வாப் கைபேசியைக் கொடுத்து ஒரு வாரம் பழகவிட்டார்கள். ஓராண்டுக்குள் வாப் பயன்படுத்தப் போவதில்லை என்று 70 சதவீதத்தினர் சொல்லிவிட்டார்கள். அவர்களுள் ஒரு பெண் போட்ட கணக்கு இன்றும் நினைக்கத் தக்கது: அன்றைய பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி நேரத்தை வாப்பில் பார்த்த நிமிடக் கட்டணத்தைவிட, ஒரு நாளிதழை வாங்கி நிகழ்ச்சி நிரலைக் கிழித்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போடுவது மலிவு. ‘வெயிட் அண்ட் பே’, அதாவது ‘காத்திரு, காசு கொடு’ என்று வாப்பின் மூன்று ஆங்கில எழுத்துக்கும் ஊர் புது விரிவு சொன்னது.

வாப் தோற்றதற்குக் குட்டித் திரையைக் காரணம் காட்டுகிறவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். என்டிடி டோகோமோ 1999 பிப்ரவரி 22 அன்று ஐ-மோட் சேவையைத் தொடங்கியது. அங்கும் குட்டித் திரைதான், அங்கும் நொடிக்கு 9,600 பிட்தான். மாதம் 300 யென் அடிப்படைக் கட்டணம். அதற்கு மேல் நிமிடக் கணக்கு கிடையாது, வந்த தரவுக்கு மட்டும் காசு. 128 பைட் கொண்ட ஒரு பொட்டலத்துக்கு 0.3 யென். இரண்டு கிலோபைட் பக்கம் ஒன்றுக்கு ஐந்து யென்கூட ஆகாது. ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் யோசித்தாலும் ஐந்து யென்தான். பக்கங்களை எழுத வாப் போலப் புது மொழி கற்க வேண்டியதில்லை; வழக்கமான ஹெச்டிஎம்எல்-இலிருந்து சிலவற்றைக் கழித்த ‘கம்பாக்ட் ஹெச்டிஎம்எல்’ போதும். ஆகவே பள்ளிப் பிள்ளைகள்கூடத் தங்கள் பக்கத்தை எழுதிப் போட்டார்கள். கட்டணத் தளம் நடத்துகிறவர்களுக்காக டோகோமோ தொலைபேசி ரசீதிலேயே பணத்தை வசூலித்து, 9 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. அந்தச் சேவைக்காக ஷிகேதகா குரிதா 12க்கு 12 புள்ளியில் வரைவித்த 176 குறும்படங்கள்தான் இன்றைய எமோஜிகளின் முன்னோடிகளுள் பெயர் பெற்றவை. ஒன்றரை ஆண்டுக்குள் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டது. அதே வேகம், ஏறத்தாழ அதே திரை, வேறுபட்டது ரசீது.

நம் பக்கத்து மாநிலத்தில் நடந்த முயற்சியையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் 2001-இல் காட்சிக்கு வைத்த ‘சிம்ப்யூட்டர்’, லினக்ஸில் ஓடிய கைக்கணினி. ஒரே கருவியை ஊரே பகிர்ந்துகொள்ள ஸ்மார்ட் கார்டு துளை, எழுத்தறியாதவருக்காக இந்திய மொழிகளில் உரையைப் படித்துச் சொல்லும் குரல், அதற்கென்றே வகுத்த ‘ஐஎம்எல்’ என்ற குறிமொழி என்று யோசனை நன்றாகத்தான் இருந்தது. விற்பனைக்கு வர 2004 ஆகிவிட்டது. விற்றது சில ஆயிரம்தான். அதற்குள் மலிவான செல்போன் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோனை எடுத்து நியூயார்க் டைம்ஸ் முகப்பை முழுதாகத் திறந்து காட்டினார். 1996-இல் நோக்கியா எடுத்த அதே நிலைப்பாடுதான்: பக்கத்தைத் தொடாதே. அந்தத் திரையும் ஒன்றும் பிரமாண்டம் அல்ல, 320க்கு 480. உலாவி மட்டும் தன் அகலம் 980 புள்ளி என்று பாவனை செய்து பக்கத்தை வரைந்து, பிறகு அதைச் சுருக்கிக் காட்டும். இரு முறை தட்டினால் அந்தப் பத்தி மட்டும் திரை அகலத்துக்குப் பெருக்கும். இந்தத் தட்டலின் நயத்தை மறுக்க முடியாது. ஆனால் அமெரிக்காவில் ஐபோனோடு ஏடி&டி கொடுத்த சந்தாவில் தரவுக்கு அளவே இல்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும். எட்டாண்டுக்கு முன் கிலோபைட்டுக்கு 30 சென்ட் கொடுத்த ஊரில் முழுப் பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தால் கைதட்டலுக்குப் பதில் வேறு சத்தம் கேட்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால், வென்ற பின் அந்தக் கட்சியே கொள்கையை மாற்றிக்கொண்டது. 2010-இல் ஈதன் மார்கோட் முன்வைத்த முறைப்படி, திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும் பக்கங்களை எழுதுவது எங்கும் வழக்கமானது. கடைசியில் விட்டுக்கொடுத்தது பக்கம்தான்.

பெர்க்லி ஆய்வகத்தின் யோசனையும் மாண்டுவிடவில்லை. நார்வேயின் ஓப்பரா நிறுவனம் 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியிட்ட ‘ஓப்பரா மினி’ அதன் நேர் வாரிசு. இரண்டாயிரம் ரூபாய்ச் செல்போனிலும் ஓடும். பக்கத்தை ஓப்பராவின் சர்வர் வாங்கி, அரைத்து, சிறு பொட்டலமாக்கி அனுப்பும். மெகாபைட் கணக்கில் காசு கட்டிய இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் அது வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

மென்று ஊட்டுகிறவர் உணவை ருசி பார்க்காமல் இருக்க முடியாது. இடைச் சர்வர் பக்கத்தைச் சுருக்க வேண்டுமானால் அதைப் படித்தாக வேண்டும். வங்கிக் கடவுச்சொல் செல்லும் பூட்டிய பக்கமானாலும் நடுவழியில் ஒரு கணம் பூட்டைத் திறந்தாக வேண்டும். வாப்பில் இந்த ஓட்டையைப் பற்றி வல்லுநர்கள் அன்றே எச்சரித்தார்கள். 2013 ஜனவரியில் இந்திய ஆய்வாளர் ஒருவர் தன் நோக்கியா ஆஷா போனின் உலாவி பூட்டிய பக்கங்களையும் நோக்கியாவின் சர்வர் வழியே அனுப்புவதைக் கண்டுபிடித்து எழுதினார். தற்காலிகமாகத் திறக்கிறோம், யாரும் பார்ப்பதில்லை என்று நோக்கியா விளக்கம் கொடுத்தது.

தமிழ் வாசகர்களோ அந்த இடைத்தரகரிடம் வேறு ஒரு வேலையும் வாங்கிக்கொண்டார்கள். அன்றைய செல்போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. தொடக்ககால ஆண்ட்ராய்டிலும் தமிழ்ப் பக்கம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓப்பரா மினியின் முகவரிப் பெட்டியில் ‘ஓப்பரா:கான்ஃபிக்’ என்று தட்டினால் ஓர் ஒளிந்த பட்டியல் திறக்கும். அதன் கடைசிப் பக்கமாகப் போய், சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று மாற்றிவிட்டால் தமிழ் தெரிந்துவிடும். போனுக்குத் தமிழ் தெரியாது, சர்வருக்குத் தெரியும். சர்வர் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும். ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தே பரவிய வித்தை இது. எழுத்து படமாக வந்ததால் பக்கத்தின் எடை மட்டும் கூடியது. பைட் கணக்கைக் குறைக்கவென்றே பிறந்த உலாவியில், தமிழில் படிக்க வேண்டுமானால் கொஞ்சம் கூடுதல் பைட்டுக்குக் காசு கட்டியாக வேண்டியிருந்தது.